மண்வெட்டியோடு வந்த நடுவர்

பாசிக்குடாவில் நான் வேலை செய்யும் ஹோட்டலுக்குப் போன மாதம் ஓர் அவுஸ்திரேலியப் பெண்மணி வந்திருந்தார். தன் ஊரில் வலைப்பந்து விளையாடுகிறவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நானும் விளையாடினவள்தான் என்றேன். உங்கள் ஊரில் எப்படி விளையாடுவீர்கள் என்று அவர் ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தார். கேட்டிருக்கக் கூடாது. நான் குளத்துத் துருசை, அதாவது மதகைத் திறப்பதில் இருந்து தொடங்கினேன். வாய்க்கால், வரம்பு, மேல்வட்டை, கீழ்வட்டை எல்லாவற்றையும் கடந்து நான் பந்துக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பெண்மணி காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்து போயிருந்தார்.

பிழை என்னுடையதல்ல. எங்கள் ஊருக்கு வலைப்பந்து வந்து சேர்ந்த வழி அப்படி. அது ஒரு வட்டை விதானையின் கை வழியாக வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்கிறவர்கள். வயல்வெளியின் ஒரு பரப்புக்கு வட்டை என்று பெயர். வாய்க்காலின் தொடக்கத்தில் மேல்வட்டை, முடிவில் கீழ்வட்டை; இரண்டுக்கும் தண்ணீர் பங்கிடுகிறவர் விதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எவருடைய மாடு எவருடைய பயிரில் வாய் வைத்தது என்ற வழக்கெல்லாம் அவரிடம்தான் போகும். வருசா வருசம் சிறுபோகம் என்கிற கோடைப் பயிர் தொடங்குவதற்கு முன்னர் கூட்டம் வைத்து, நிலம் வைத்திருக்கிற காணிக்காரர்கள் கை தூக்கி ஒருவரைத் தெரிவு செய்வார்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கிடைக்கும். ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

எங்கள் விதானையார் நெட்டையான மனிதர். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, தோளில் மண்வெட்டியோடுதான் எப்போதும் நடப்பார். கல்யாண வீட்டுக்கும் மண்வெட்டியோடு வந்து, அதை வாசலில் சாத்திவிட்டுத்தான் உள்ளே போவார். பந்தியில் இடம் இருந்தாலும் தனக்கு முன்னால் வந்தவர்கள் உட்காரும்வரை உட்காரமாட்டார். மற்றவர்களையும் உட்காரவிடமாட்டார். அதனால் அவரைக் கல்யாணத்துக்குச் சொல்லப் பலருக்கு விருப்பமில்லை. சொல்லாமல் விடவும் பயம், வயலுக்குத் தண்ணீர் வேண்டுமே. ஆனால் அந்தப் பயம் தேவையே இல்லை. சொன்னவனுக்கும் சொல்லாதவனுக்கும் ஒரே முறையில்தான் தண்ணீர் வரும். அதுதான் ஊருக்கு அவர்மேல் இருந்த பெரிய கோபம்.

"முறை வரும்" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வந்த சொல். அவருடைய சொந்த வயல் கீழ்வட்டையின் கடைசியில், வாய்க்கால் முடிகிற இடத்தில் கிடந்தது. "ஊருக்கெல்லாம் இவர் தண்ணி குடுப்பார். எங்கட வயலப் போய்ப் பாருங்க, கால் வெச்சா வெடிப்புக்குள்ள போகும்" என்று அவருடைய மனைவி கிணற்றடியில் அழாத குறையாகச் சொல்வார். விதானையாரிடம் கேட்டால், "முறை வரும்" என்பார்.

இப்படிப்பட்டவர் எப்படி வலைப்பந்துக்குள் வந்தார்? பெண்களும் விளையாட வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் யாருக்கோ திடீரென ஞானம் வந்து, எங்கள் மாதர் சங்கத்துக்கு இரண்டு பந்துகளையும் நெஞ்சில் மாட்டுகிற துணிகளையும் சட்டங்கள் அச்சடித்த ஒரு போட்டோக் கொப்பித் தாளையும் கொடுத்தார்கள். மேல்வட்டைப் பெண்கள் ஏழு பேர் ஓர் அணி. கீழ்வட்டைப் பெண்கள் ஏழு பேர் ஓர் அணி. நான் கீழ்வட்டை. ஆட ஆள் இருந்தது. விசில் ஊதத்தான் ஆள் இல்லை. ஊதினால் பாதி ஊர் கோபித்துக்கொள்ளும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் முதுகு வலி என்றார். கடைக்காரர் வியாபாரம் கெட்டுப்போகும் என்றார். கோயில் பூசகர் விரதம் என்றார். எந்தச் சாமிக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கடைசியில் விதானையாரைக் கேட்டோம். அவரோடு ஊரே ஏற்கெனவே கோபம். புதிதாகப் பகை சம்பாதிக்க அவருக்கு இடமே இருக்கவில்லை.

முதல் நாள் அவர் அந்தத் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, இரண்டு முறை வாசித்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, வாய்க்கால் கரையோரம் கிடந்த வெறும் நிலத்தில் கோடு வெட்டத் தொடங்கினார். மற்ற ஊர்களில் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் பாயும் அளவுக்கு ஆழமாகக் கோடு இருந்தது. அந்தக் கோட்டில் கால் மடங்கி விழுந்தவர்களை இன்றைக்கும் ஊரில் காட்டலாம். நீளமாக ஒரு பெட்டி, அதைக் குறுக்கே வெட்டி மூன்று பங்கு, இரண்டு தலைப்பிலும் ஒவ்வோர் அரை வட்டம்.

"இது மேல், இது நடு, இது கீழ். பந்து மேலயிருந்து நேர கீழ போகேலா. நடுவில ஒராள் தொட்டுத்தான் போகோணும். தண்ணி நடுவில உள்ள வயலத் தாண்டிப் பாயுமா? பாயாது. அவ்வளவுதான் சட்டம்" என்றார்.

உண்மையில் வலைப்பந்துச் சட்டம் அதுதான். பந்தை ஒரு பங்கிலிருந்து மற்றப் பங்கைத் தாண்டி எறியக் கூடாது. அதை இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் பின்னாளில் பார்க்கவில்லை.

நெஞ்சில் மாட்டுகிற துணியில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. அதைப் பார்த்துப் பெண்கள் மிரண்டார்கள். "இது எழுத்தில்ல கா, காணி உறுதி" என்று விளக்கினார் விதானையார். காணிப் பத்திரத்தில் எல்லை இருப்பது மாதிரி, எந்த எழுத்தைப் போட்டவர் எந்த எல்லைக்குள் நிற்கலாம் என்பது அதில் இருக்கிறது. கோல் போடுகிறவருக்குக் கடைசிப் பங்கு மட்டும். அவரைத் தடுக்கிற கோல் கீப்பருக்கும் அந்தப் பங்கு மட்டும். இரண்டு பக்கச் சிறகிலும் ஆடுகிறவர்கள் அரை வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சென்ரர் என்கிற நடு ஆள் எல்லாப் பங்குக்கும் போகலாம், ஆனால் அவரும் அரை வட்டத்துக்குள் போக முடியாது. கோல் போடுகிற உரிமை அணியில் இரண்டே பேருக்கு, அதுவும் அரை வட்டத்துக்குள் நின்று மட்டும்.

"சென்ரர் எண்டா என்னைப் போல. ஊரெல்லாம் ஓடலாம். அறுவடைக்குப் போகேலா" என்றார். அன்றைக்கு ஒரே ஒரு தடவை அவர் தன்னைப் பற்றிப் பகிடி விட்டதைக் கேட்டேன். அது பகிடிதானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

வலைப்பந்தில் பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்தைப் பிடித்து ஊன்றின காலை எடுத்து மறுபடி ஊன்றக் கூடாது. கையில் மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது, எறிந்துவிட வேண்டும். நாங்கள் பந்து கையில் வந்ததும் கோழி துரத்துகிற மாதிரி ஓடினோம். விசில் கிழிந்தது. "தண்ணியக் கையில அள்ளிக்கொண்டு எங்க ஓடுறாய்? வந்தத மத்த ஆளுக்கு விடு புள்ள!" என்று கத்தினார். கோல் கம்பத்துக்கு முதலில் கமுகு மரமும், மேலே குழந்தைச் சைக்கிளின் றிம்மும்தான். கூடைப்பந்தில் இருப்பது மாதிரி வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பந்து நேரே வளையத்துக்குள் விழ வேண்டும், சாய்ந்து விழ ஒரு தயவும் இல்லை. இந்தச் சட்டத்தை வாசித்தபோது விதானையாரின் முகம் மலர்ந்தது. "இத ஆர் கண்டுபிடிச்சதெண்டு தெரியா. ஒரு விதானையாத்தான் இரிக்கோணும்" என்றார்.

ஒருநாள் மாலை, ஆட்டத்தின் நடுவே காட்டிலிருந்து ஆனை ஒன்று இறங்கி வந்து எங்கள் கோட்டைக் கடந்தது. பெண்கள் எல்லாரும் திசைக்கு ஒருவராக ஓடினோம். விதானையார் ஓடவில்லை. விசில் ஊதினார். ஆனை நின்று அவரைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியது. ஊரில் நாலு கால் உள்ள ஒன்றாவது அவர் சொல் கேட்டதே என்று என் அப்பா சொன்னார்.

இப்போது பெரியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியக்கா போடியாரின் மனைவி. போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயற்காரர். மட்டக்களப்பில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆகவே போடியார் என்ற பட்டம் கணவருக்கு, அவரைப் போடியார் ஆக்கின வயல் பெரியக்காவுக்கு. இந்த விசயத்தை ஊரில் எல்லாரும் அறிவார்கள், போடியார் மட்டும் அவ்வப்போது மறந்துவிடுவார். பெரியக்கா மேல்வட்டை அணியின் கோல் கீப்பர். உயரமும் அகலமும் உள்ளவர். என்னைப் போன்ற ஒருத்தி பந்தோடு வளையத்தைப் பார்த்தால், வளையம் தெரியாது, பெரியக்காதான் தெரிவார்.

தடுக்கிறவர் பந்து வைத்திருப்பவரிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றுதான் கை தூக்கலாம் என்று ஒரு சட்டம் உண்டு. விதானையாரின் மண்வெட்டிப் பிடி சரியாக மூன்றடி. பெரியக்கா கிட்ட வந்தால் விசில் ஊதி, ஆட்டத்தை நிறுத்தி, மண்வெட்டியை எங்கள் இருவரின் காலுக்கும் நடுவே வைத்து அளப்பார். "கிட்ட" என்பார். ஊரில் பெரியக்காவிடம் அந்தச் சொல்லைச் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். பெரியக்கா ஏசுவார். ஏச்சு முடியும்வரை விதானையார் பொறுமையாக நிற்பார். பிறகு மறுபடி, "கிட்ட" என்பார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தப் போட்டோக் கொப்பித் தாளில் ஓர் இடம் மை பட்டுக் கறுத்திருந்தது. கோல் விழுந்ததும் நடுவில் இருந்து பந்தை யார் தொடங்குவது என்ற இடம். கறுப்புக்குள் என்ன எழுதியிருக்கும் என்று விதானையார் யோசிக்கவே இல்லை. தண்ணீர் குறைவான போகத்தில் கடைசி வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ளவன் குடித்துத் தீர்த்துவிடுவான் என்பது அவருடைய கொள்கை. ஆகவே எந்த அணி பின்னுக்கு நிற்கிறதோ அந்த அணிக்கே பந்து என்றார். எங்களில் ஒருவருக்குக்கூட அது பிழையாகப் படவில்லை. தண்ணீர் பங்கிட்டுப் பழகின ஊருக்கு வேறு எப்படி இருக்கும் என்று தோன்றாது. ஒரு வருசம் முழுக்க அப்படியே ஆடினோம். எந்த ஆட்டமும் பெரிய இடைவெளியில் முடியவில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் சமமான திறமைசாலிகள் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

பிறகு இரண்டு வட்டையும் சேர்ந்து ஓர் அணியாக மட்டக்களப்பு நகரத்துக்குப் போட்டிக்குப் போனோம். வாவிக்கரையோரம் மைதானம். விதானையார் பஸ்ஸில் மண்வெட்டியையும் கொண்டு வந்தார். கொண்டக்டர் அதற்கு டிக்கட் கேட்டார். ஆட்டம் தொடங்கி எதிரணி அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது. எங்கள் சென்ரர் பந்தை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள். நகரத்து நடுவர் அம்மா விசில் ஊதினார்.

"பந்தை அவங்களுக்குக் குடுங்க. இது அவங்கட முறை."

"ஏன் குடுக்கிற? நாங்கதானே கீழ நிக்கிறம்" என்றாள் எங்கள் சென்ரர்.

"கீழ நிண்டா?"

"கீழ நிண்டா எங்களுக்குத்தானே முதல்ல!"

நடுவர் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் கோல் போட்டாலும் சரி, பந்து மாறி மாறித்தான் தொடங்கும், ஒரு தடவை இவர்கள், மறு தடவை அவர்கள் என்று தன் புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டினார். அதில் மை படவில்லை. நாங்கள் எல்லாரும் விதானையாரைப் பார்த்தோம். அவர் புத்தகத்தை வாங்கி, கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து வாசித்தார். "குடுங்க புள்ளையள். சட்டம் அப்பிடித்தான் கிடக்கு" என்றார். அன்றைக்கு வாங்கின அடியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் மண்வெட்டியை மடியில் கிடத்திக்கொண்டு இருந்தார். இறங்குகிற நேரம், "இது மேல்வட்டைக்காரன் எழுதின சட்டம்" என்றார். அவ்வளவு வெறுப்பு. அடுத்த நாள் மாலை எங்கள் மைதானத்தில் அதே சட்டம் அமுலுக்கு வந்துவிட்டது. நாங்கள் கீழ்வட்டைப் பெண்கள் பின்னுக்கு நின்று, பழைய மாதிரியே விடுங்க விதானையார் என்று கெஞ்சினோம். "ஏலா" என்றார். தனக்குப் பிடிக்காத சட்டத்தையும் தன் பிள்ளை மாதிரி வைத்துக் காப்பாற்றுகிற மனிதரோடு என்னதான் செய்வது?

அந்த வருசச் சித்திரைப் புதுவருச விளையாட்டுப் போட்டியில் மேல்வட்டையும் கீழ்வட்டையும் மோதின. பிரதம விருந்தினர் போடியார். கமுகு மரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்புக் கம்பங்கள் நட்டுக் கொடுத்தவர் அவர்தான். கம்பத்தில் அவர் பெயர் எழுதியிருந்த அளவுக்கு வளையம் பெரிதாக இருந்திருந்தால் நான் ஒரு கோலையும் தவறவிட்டிருக்கமாட்டேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னர் அவர் விதானையாரைக் கதிரைக்குக் கிட்டக் கூப்பிட்டார். நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம்.

"விதானை, புதுவருசம் முடிஞ்ச கையோட சிறுபோகக் கூட்டம் வருகுது. இந்த முறை என்ட தம்பியும் விதானைக்குக் கேக்கிறான். மேல்வட்டைக் கையெல்லாம் ஆர்ர சொல்லுக்கு எழும்பும் எண்டு உனக்குத் தெரியும். பாத்து ஊது."

"ஓம் போடியார். பாத்துத்தான் ஊதுற. பாக்காம ஊதினாப் பிழைச்சுப்போகும்" என்றார் விதானையார்.

கடைசி நிமிசம்வரை இரண்டு பக்கமும் சமன். பந்து அரை வட்டத்துக்குள் என் கைக்கு வந்தது. நான் வளையத்தைப் பார்த்தேன். பெரியக்கா தெரிந்தார், அதுவும் மிகவும் கிட்டத் தெரிந்தார். இவ்வளவு பேர் பார்க்க, போடியாரும் பார்க்க, இந்த ஒரு தடவை விதானையார் கண்ணை மூடிக்கொள்வார் என்றுதான் நான் நினைத்தேன். மூடியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். விதானை வேலை போனால் அவருக்கு மிஞ்சுவது அந்த வெடித்த வயல்தான்.

விசில் ஊதிற்று.

மண்வெட்டியோடு வந்தார். காலுக்குக் கால் வைத்து அளந்தார். "கிட்ட" என்றார்.

"மனிசனா நீ? கண் தெரியாதா உனக்கு?" என்று பெரியக்கா கத்தினார்.

"தெரிஞ்சபடியாத்தான் ஊதின."

இப்படிப் பிழை செய்தவருக்குத் தண்டனை என்னவென்றால், பந்து எறிகிறவருக்குப் பக்கத்தில் வந்து, கை தூக்காமல், அசையாமல் நிற்க வேண்டும். எறிந்து முடியும்வரை ஆட்டத்தில் அவருக்குப் பங்கில்லை. ஊர் முழுவதும் பார்த்திருக்கப் பெரியக்கா என் பக்கத்தில் வந்து கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் மூச்சு என் காதில் சுட்டது. நான் எறிந்தேன். பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே விழுந்தது. கீழ்வட்டை வென்றது. போடியார் பரிசு கொடுக்காமலே எழுந்து போனார். பெரியக்கா அதன் பிறகு பயிற்சிக்கும் வரவில்லை.

கூட்டம் வந்தது. பிரதேச செயலகத்து அதிகாரி மேசையில் இருந்தார். கூட்டத்துக்கு ஆண்கள்தான் போவார்கள். காணி மனைவியின் பெயரில் இருந்தாலும், பெயர் கூப்பிட்டதும் கணவர் "ஓம்" என்பார், அந்தக் காணிக்கான கையை அவரே தூக்குவார். யாரும் அதைப் பிழை என்று நினைத்ததில்லை. மாதர் சங்கத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிற உயர்ந்த பொறுப்பு கொடுக்கப்பட்டிருந்தது. அதனால்தான் நான் மண்டபத்தின் பின்பக்கம் கிளாஸ்களோடு நின்றேன்.

அதிகாரி பெயர்களைக் கூப்பிட்டார். பெரியக்காவின் பெயருக்குப் போடியார் "ஓம்" சொன்னார். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். கீழ்வட்டை விதானையாருக்குத் தூக்கியது. மேல்வட்டை போடியாரின் தம்பிக்குத் தூக்கியது. எண்ணி முடித்த அதிகாரி, விதானையாருக்கு ஒரு கை குறைவு என்றார்.

அந்த நேரம் பெரியக்கா வாசலால் உள்ளே வந்தார். வந்த வேகத்திலேயே வலது கையைத் தூக்கினார்.

"காணி என்ட. என்ட கை விதானையாருக்கு" என்றார்.

போடியார் கதிரையில் இருந்து பாதி எழும்பி அப்படியே நின்றார். "உனக்கென்ன விசரா? ஊருக்கு முன்னால உன்ன நிக்கவெச்சவன் அவன்!"

"ஓம், நிக்கவெச்சான். பிழை விட்ட நான், நிண்டன். எனக்கு ஊதினவன் எவனுக்கும் ஊதுவான். உங்கட தம்பி எனக்கு ஊதமாட்டான். எனக்கு ஊதாதவன் எல்லாருக்கும் தலையாட்டிப் போட்டு, மறுகா ஒருநாள் என்ட வயலையும் காயப் போடுவான்."

அதிகாரி பேனாவை எடுத்தார். அவருக்குப் பிரச்சினை இல்லாமல் வீட்டுக்குப் போனால் போதும். "காணி அவங்கடதானே. கையை இந்தப் பக்கம் மாத்திப் போட்டாச் சரி" என்றார். மாற்றினால் விதானையார் வென்றுவிடுவார். நான் கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

"மாத்தேலா" என்று ஒரு குரல். விதானையார்.

"பேர் கூப்பிடக்குள்ள ஓம் எண்டு சொன்ன ஆள் போடியார். ஒரு காணிக்கு ஒரு கை. அது தூக்கியாச்சு. எண்ணி முடிஞ்ச பிறகு கை மாத்திற வழக்கமில்ல" என்றார். பிறகு பெரியக்காவைப் பார்த்து, "நீங்க முந்தி வந்திரிக்கோணும்" என்றார். ஒரு நன்றி இல்லை. பெரியக்கா தூக்கின கையை இறக்காமலே சற்று நேரம் நின்றார். பிறகு, "எக்கேடு கெட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். விதானையார் தோற்றார். என்னிடம் ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தார், அதுவும் தனக்கு முன்னால் நின்றவர் வாங்கினதற்குப் பிறகு.

புது விதானை நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். யாரையும் நோகப் பேசமாட்டார். யார் போன் எடுத்தாலும் "ஓம், விடுறன்" என்பார். போன் எடுக்கிறவர்கள் எல்லாரும் மேல்வட்டையில் இருந்தார்கள். அந்தச் சிறுபோகம் கீழ்வட்டைக்குத் தண்ணீர் வந்து சேரவே இல்லை. எங்கள் வயல் கதிர் வைக்கும் முன்னரே கருகியது. எங்களுக்கு அப்பால் கிடந்த விதானையாரின் வயலும் கருகியது. காலையில் அவர் வாய்க்கால் முடிகிற இடம்வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வருவார். மாலையில் மைதானத்துக்கு வந்து விசில் ஊதுவார். அந்த வேலைக்கு மட்டும் போட்டிக்கு ஆள் வரவில்லை.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. வீட்டில் அரிசி இல்லை, அப்பா கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஒரு கையை வேண்டாம் என்று சொல்ல இந்த மனிதருக்கு என்ன உரிமை? ஒருநாள் ஆட்டத்தின் நடுவில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டே வெடித்துவிட்டேன்.

"உங்கட நீதிய அவிச்சுத் தின்னவா நாங்க? அந்தக் கைய எடுத்திருந்தா எங்கட வயல் காஞ்சிரிக்குமா?"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். பிறகு விசில் ஊதினார்.

"மூண்டு செக்கன் தாண்டிட்டு. பந்தக் குடு" என்றார்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு முன்னால் பெரியக்கா வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "காணி உன்ட பேரில, உன்ட மனிசன்ட பேரில இல்ல. பேர் கூப்பிட முதல் போய் முன்னுக்கு இரி. கூப்பிட்டா நீ ஓம் சொல்லு. அந்த விசரன் சொன்னது சரி, நாமதான் முந்தி வரோணும்" என்றார். மேல்வட்டை, கீழ்வட்டை என்று அவர் பார்க்கவில்லை. வயல் காய்ந்தவர்களும் வந்தார்கள், புது விதானை எல்லாருக்கும் தலையாட்டினதால் தங்களுக்குள் சண்டை பிடித்துக் களைத்துப்போன மேல்வட்டைப் பெண்களும் வந்தார்கள்.

அன்றைக்குக் காலையில் மண்டபத்தின் முன் வரிசைகள் எல்லாம் சேலைகள். ஆண்கள் வந்து பார்த்துவிட்டு, இருக்க இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். தேத்தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லை. அதிகாரி பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெண்குரல் "ஓம்" என்றது. என் அம்மா வீட்டில் பூனையை விரட்டக்கூடச் சத்தம் போடாதவர். அவர் சொன்ன "ஓம்" வாசல்வரை கேட்டது. பெரியக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது போடியாரும் வாசலில் நின்று வாய் திறந்தார். பெரியக்கா திரும்பிப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

விதானையாருக்குக் கை தூக்கச் சொன்னார்கள். முன் வரிசையில் கைகள் எழுந்தன. அம்மாவின் கை எழுந்தது. பின்னால் நின்ற நான் என்னை மறந்து என் கையையும் தூக்கினேன். கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மனிதர் வெல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அதிகாரி எண்ணத் தொடங்கினார். முன்னால் ஓரமாக ஒரு வாங்குப் பலகையில் இருந்த விதானையார் எழும்பினார். தனக்கு எழுந்த கைகளை ஒரு தடவை பார்த்தார். அவர் கண் கடைசி வரிசைக்கு வந்து என்மேல் நின்றது.

"அங்க பின்னால நிக்கிற புள்ள. உன்ட அம்மா தூக்கியாச்சு. உனக்குக் காணி இல்ல. கையக் கீழ போடு" என்றார்.

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் கையைக் கீழே போட்டேன். அது இல்லாமலே அவர் வென்றார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாகக் கையை இறக்கினது அந்த ஒரு தடவைதான்.